இரண்டாம் நிலைச் சிங்கம்

டிர்க்கின் இடது பாதத்தைச் சிங்கம் எடுத்துக்கொண்டு போனபோது அவன் தரையில் படுத்திருந்தான். தரையில் படுக்க அவனிடம் எந்தச் சான்றிதழும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. தரையில் படுக்கவோ, படுத்த இடத்தில் பாதத்தைப் பறிகொடுக்கவோ எந்த அரசாங்கத்திடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பக்கத்தில் படுத்திருந்த அப்போல்ஸ் ஸ்வார்ட்பூய் எழுந்து மண்வெட்டியால் அந்தச் சிங்கத்தின் மண்டையில் மூன்று போடு போட்டான். நாலாவது போடு போடும்போது கைப்பிடி முறிந்தது. சிங்கம் பூட்சோடு சேர்த்துப் பாதத்தைக் கவ்விக்கொண்டு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அப்போல்ஸ் தன் சட்டையைக் கழற்றி டிர்க்கின் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அப்பிங்டன் ஆஸ்பத்திரி வரை ஒரே மூச்சாக ஓட்டினான். வழியெல்லாம் டிர்க் தன் பூட்ஸ் புதுசு, பூட்ஸ் புதுசு என்று புலம்பிக்கொண்டே வந்தான்.

இருவருக்கும் வேலி பார்க்கும் வேலை. தென்னாப்பிரிக்காவில் கலஹாரிப் பூங்காவின் தெற்கெல்லையில் ஓடுகிறது மின்கம்பி வேலி. முள்ளம்பன்றி அதன் அடியில் தோண்டும். தோண்டிய ஓட்டையைச் சிங்கம் பெரிசாக்கிக்கொண்டு வெளியே வந்து ஆட்டுப் பண்ணைக்குள் புகுந்துவிடும். ஓட்டைகளை அடைத்துக்கொண்டே போகிற ஆட்கள் பத்து நாள், பன்னிரண்டு நாள் அங்கேயே கிடக்க வேண்டும். முன்சீட்டில் உட்கார்ந்தபடியே தூங்கலாம்தான். ஆனால் மறுநாள் கம்பி இழுக்க இடுப்பு வராது.

இனி தரையில் படுப்பதில்லை என்று அப்போல்ஸ் முடிவெடுத்தான். வண்டிமேல் விரிக்கிற கூடாரம் ஒன்று வாங்கிவிட வேண்டும். வேலியோரம் இருபது வருஷம் கிடந்தவனுக்கு ஒன்று தெரியும்: நிற்கிற வண்டியைச் சிங்கம் சீண்டாது. மேலே கூடாரம் இருந்தால் வண்டியும் கூடாரமும் சேர்ந்து ஏதோ பெரிய பாறை என்று நினைத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போய்விடும். உள்ளே மனுஷன் இருக்கிறான் என்பது அதன் புத்தியில் ஏறுவதில்லை.

கடைக்காரன் கெட்டி மூடி போட்ட கூடாரத்தைத்தான் தலையில் கட்டப் பார்த்தான். ஒரே நிமிஷத்தில் திறந்துகொள்ளுமாம், மெத்தை அப்படியாம், விளக்கு இப்படியாம். அப்போல்ஸ் கேட்டது ஒரே கேள்வி: எடை எவ்வளவு? அவன் வண்டிக்குப் பின்னால் பற்றவைத்திருந்த இரும்புச் சட்டம், வண்டி நிற்கும்போது முந்நூறு கிலோ தாங்கும். வண்டி ஓடும்போது, அதுவும் அந்தப் பக்கத்துக் குலுங்கல் ரோட்டில், எழுபத்தைந்துக்கு மேல் ஏற்றினால் சட்டம் பிய்த்துக்கொள்ளும். கெட்டி மூடி எண்பத்தைந்து கிலோ. கித்தான் துணியில் மடக்குகிறது ஐம்பத்தெட்டு. கித்தானே போதும் என்றான். அவன் மனைவி மீத்தா கடைக்குள்ளேயே அதில் ஏறி மூன்று முறை குதித்துப் பார்த்தாள். கடைக்காரன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவர்களுடையது பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி. அந்த ஊரில் அதற்குப் பெயர் பக்கி. நம் ஊரில் அப்படிக் கூப்பிட்டால் அடிக்க வருவார்கள். அங்கே ஆசையாகச் சொல்கிற பெயர். புருஷனும் பெண்டாட்டியுமாகக் கூடாரத்தைத் தூக்கிச் சட்டத்தில் வைத்து, நாலு மூலையிலும் பட்டை கொடுத்து, போல்ட்டை முறுக்கினார்கள். ஐம்பது கிலோமீட்டர் கரடுமுரடான பாதையில் ஓட்டிவிட்டு வந்து, தளர்ந்திருந்த இரண்டு போல்ட்டை மறுபடி முறுக்கினார்கள். ஏணியைச் சாய்த்து மீத்தா தொங்கிப் பார்த்தாள். ஒரு முனகல் இல்லை. புத்தியுள்ளவர்கள் செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

சோதனைச்சாவடிப் போலீஸ்காரர் கூடாரத்தைப் பார்த்தார். வாரியச் சான்று எங்கே என்றார். கூரைக்கூடாரப் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று இருப்பது அப்போல்ஸுக்கு அப்போதுதான் தெரியும். சான்று வாங்கும்வரை கூடாரத்தை விரிக்கக்கூடாது என்று சொல்லி, ஈயக் குண்டு வைத்துக் கம்பியால் முத்திரை போட்டார் போலீஸ்காரர்.

"அதுவரைக்கும் நான் எங்கய்யா படுக்கறது?"

"தரையில படுங்க. அதுக்குச் சான்று வேண்டாம்."

வெள்ளிக்கிழமை அவன் வேலிக்குத் திரும்பியாக வேண்டும். அன்று புதன். அப்பிங்டனில் இருந்த வாரியக் கிளைக்கு ஓடினார்கள். வாசலில் பெரிய பலகை: 'உயரத்தில் உறங்குவோர் உயிர் எங்கள் உயிர்'. உள்ளே ஆய்வாளர் ஃபிசர் உட்கார்ந்திருந்தார். முன்னால் அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம். பதினேழாவது கேள்வி வரை தடையில்லாமல் போயிற்று. பதினேழாவது: 'இந்தக் கூடாரத்தில் உறங்குவது உமது உயிருக்கு ஆபத்தா?'

அப்போல்ஸ் பெருமூச்சு விட்டு, "யா-நீ, மெனீர்" என்றான்.

'மெனீர்' என்றால் ஐயா. 'யா' என்றால் ஆமாம், 'நீ' என்றால் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அட என்னத்தைச் சொல்ல, உலகம் அப்படித்தான் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த ஊரில் மழை பெய்யாவிட்டால் 'யா-நீ'. பெய்தால் 'யா-நீ'. கல்லறையில் மண்ணைப் போட்டுவிட்டுப் பாதிரியார் கையைத் தட்டிக்கொண்டே சொல்வதும் அதுதான். ஃபிசரே அன்று காலையிலிருந்து நாற்பது தடவை சொல்லியிருப்பார். ஆனால் மனுதாரர் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுத வேண்டும் என்பது விதி. அவர் 'ஆம்' கட்டத்தில் ஒரு குறி போட்டார். 'இல்லை' கட்டத்தில் ஒரு குறி போட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு அப்போல்ஸை இரக்கத்தோடு பார்த்தார்.

"ஒண்ணையாவது சொல்லியிருக்கலாமே நீங்க. ரெண்டையும் சொல்லிட்டீங்க. முரண்பட்ட வாக்குமூலம். ஒன்பதாம் விதிப்படி, கூடாரத்துக்குச் சோதனை இல்ல, உங்களுக்குத்தான் சோதனை. கூடாரத்துக்குள்ள உங்கள வச்சு."

அதற்கு அப்போல்ஸ் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்களா? வேறென்ன, அதையேதான் மறுபடி சொன்னான். ஃபிசர் அதையும் எழுதிக்கொண்டார்.

கொல்லைப்புற மைதானத்தில் பக்கியை நிறுத்தி முத்திரையை உடைத்துக் கூடாரத்தை விரித்தார்கள். முதலில் இயக்க எடைச் சோதனை. வண்டி ஓடும்போது சட்டம் தாங்குகிற எடையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அப்போல்ஸ் விளக்கப் பார்த்தான். வண்டி எங்கே தூங்குகிறது, தூங்குகிறவர் நீங்கள்தானே, நீங்கள் இயங்கும்போது என்ன எடை என்பதுதான் கேள்வி என்று ஃபிசர் அவனுக்கு விளக்கினார். நாலு ஆட்கள் தடி எடுத்துக்கொண்டு அடியிலிருந்து கூடாரத்தின் பலகையை இடித்தார்கள். உள்ளே படுத்திருந்த அப்போல்ஸ் இயங்கினான். ஒரு தடி பலகை இடுக்கில் ஏறி அவன் விலாவில் இறங்கியது. இரண்டு எலும்பு விரிசல். இயக்கம் திருப்திகரம் என்று குறித்துக்கொண்டார்கள்.

அடுத்தது ஏணியற்ற நிலைச் சோதனை. மனுதாரருக்குச் சொல்லாமல் ஏணியை எடுத்துவிட்டு, வெளியே தீ, தீ என்று கத்துவது. அப்போல்ஸ் தலைகீழாக வந்து விழுந்தான். இடது தோளில் காறையெலும்பு முறிந்தது. இறங்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் பாராட்டத்தக்கது என்று ஃபிசர் எழுதினார்.

மூன்றாவது சோதனைக்கு வாரியத்தில் தனியாக ஒரு பதவி உண்டு. இரண்டாம் நிலைச் சிங்கம். நிரந்தரப் பணி, ஓய்வூதியம் உண்டு. கோபஸ் என்கிற பழைய ரக்பி ஆட்டக்காரன் அதில் இருந்தான். முதல் நிலைச் சிங்கமாகப் பட்டப்படிப்பு வேண்டும், அது அவனிடம் இல்லை. அந்த மனக்குறை அவனுக்கு நிறைய. தோட்டத்தில் சருகு கூட்டும் வாரியின் இரும்புப் பற்களைத் தோல் கையுறையில் தைத்துப் போட்டிருப்பான்.

மீத்தா ஃபிசரின் சட்டையைப் பிடித்தாள். எலும்பு முறிந்தவனை மறுபடி மேலே ஏற்றாதே என்று கத்தினாள். இரண்டு பேர் அவளை இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார்த்திப் பிடித்துக்கொண்டார்கள். அப்போல்ஸைப் போர்வையில் வைத்துத் தூக்கிக் கூடாரத்துக்குள் போட்டார்கள். கோபஸ் வண்டியின் முன்மூடி வழியாகக் கூரைமேல் ஏறி, முறைப்படி ஒருமுறை கர்ஜித்துவிட்டு, கித்தானைக் கிழித்துக் கையை உள்ளே விட்டான். இரும்புப் பற்கள் அப்போல்ஸின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நாலு கோடு போட்டன.

"மன்னிச்சுக்கோங்க மாமா. வலி எப்படி? லேசு, நடுத்தரம், கடுமை. ஒண்ணு சொல்லுங்க, எழுதணும்."

போல்ட் முறுக்குகிற பெரிய ஸ்பேனர் மெத்தைக்கு அடியிலேயே கிடந்தது. அப்போல்ஸ் வலது கையால் அதை எடுத்துக் கிழிசல் வழியாகத் தெரிந்த தாடையில் ஒன்று விட்டான். சத்தம் மைதானத்துக்கு வெளியே கேட்டது. சிங்கம் கூரையிலிருந்து உருண்டு, முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு, தரையில் ஐந்து பல்லைத் துப்பியது.

கோபஸை ஆஸ்பத்திரியில் டிர்க்குக்குப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். கட்டிலில் தொங்கிய சீட்டில் பெயர், வயது, தொழில் எல்லாம் எழுதியிருந்தது. தொழில் என்ன என்று டிர்க் தலையைச் சாய்த்துப் படித்தான். பிறகு ஒற்றைக்காலில் எழுந்து நின்று, ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்து, நர்ஸுகள் ஓடிவரும்வரை அந்த ஆளைச் சாத்து சாத்தென்று சாத்தினான்.

அப்போல்ஸின் கையைத் தூளியில் கட்டிவிட்டார்கள். மறுநாள் அவனையும் மீத்தாவையும் கிளை இயக்குநர் டாக்டர் ஸ்டெய்ன் தன் அறைக்கு அழைத்தார். கழுத்தில் வெள்ளி விசில் தொங்கியது. பணியிலிருக்கும் சிங்கத்தைத் தாக்கியது குற்றம். ஆனாலும் வாரியம் தாய் மாதிரி, மன்னிக்கும் என்றார். பிறகு எழுந்து நின்றுகொண்டார். இரண்டு பேருக்கு முன்னால்கூட உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"பதினோரு வருஷமா இந்த வாரியம் நடக்குது. நாங்க சான்று குடுத்த கூடாரத்துல இதுவரைக்கும் ஒரு உயிர்ச்சேதம் உண்டா? ஒரு சிராய்ப்பு உண்டா? எந்த நாட்டு வாரியமாவது நெஞ்சத் தொட்டு இப்படிச் சொல்லட்டும் பாப்போம்."

இதுவரை எத்தனை கூடாரத்துக்குச் சான்று கொடுத்திருக்கிறீர்கள் என்று மீத்தா கேட்டாள்.

"அவசரப்பட்டு இன்னும் ஒண்ணுக்கும் குடுக்கல."

மீத்தா மேஜைமேலிருந்த கண்ணாடிக் காகித எடையை எடுத்தாள். அப்போல்ஸ் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நாளை வேலிக்குப் போனால் இரண்டு பாதத்தோடு திரும்ப வேண்டும். அதைத்தான் டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டான். டாக்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சிங்கம் மருத்துவ விடுப்பில் இருந்தால் இயற்கைச் சிங்கத்தைக் கொண்டு சோதனையை முடிக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு எல்லோரும் வேலியோரம் இருந்தார்கள். அப்போல்ஸுக்கு ஒரு கைதான் வேலை செய்தது என்பதால் கம்பி இழுக்க மீத்தாவும் வந்திருந்தாள். டிர்க்கின் இடத்துக்கு லுகாஸ் என்கிற ஐம்பது வயது ஆள் வந்திருந்தார். கல் சுமந்த உடம்பு, படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். அவர் வெறும் தரையில் படுக்கிறவர் என்பதால் வாரியத்துக்கு அவரோடு பேச்சு இல்லை.

ஃபிசர் அப்போல்ஸ் முறுக்கிய போல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டார். அவசரக் காலத்தில் கூடாரத்தை முப்பது நொடியில் வண்டியிலிருந்து பிரிக்க முடிய வேண்டும் என்று கையேடு சொல்கிறதாம். போல்ட்டுக்குப் பதிலாக விரல் தடிமனில் இரண்டு ஆணி செருகினார். இயற்கைச் சிங்கத்தை வரவழைக்க ஏணியின் முதல் படியில் ஓர் ஆட்டுத்தொடையைக் கட்டினார். பிறகு டாக்டரும் அவரும் ஏறி உள்ளே படுத்துக்கொண்டார்கள். விசில் ஊதியதும் அப்போல்ஸ் வண்டியை நாற்பது வேகத்தில் ஓட்ட வேண்டும். அதுதான் தாக்குதலிலிருந்து தப்பிக்கும் சோதனை.

விரித்த கூடாரத்தோடு வண்டியை நகர்த்தவே கூடாது என்று அப்போல்ஸ் சொன்னான். இரண்டு ஆள் எடையும் சேர்ந்தால் ஓட்டத்தில் சட்டம் தாங்காது, ஆணி நிற்காது என்றான். இரண்டு முறை சொன்னான்.

"நிபுணர் நீங்களா, நாங்களா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

காதுமடல் கிழிந்த பெண்சிங்கம் ஒன்று மணல்மேட்டிலிருந்து இறங்கி வந்தது. வேலியாட்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும். எத்தனையோ தடவை அவர்கள் வண்டியைத் தாண்டித் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருக்கிறது. இன்று ஏணியடியில் நின்றது. தொடையை முகர்ந்தது. கயிற்றோடு பிய்த்துத் தின்றது. படியையும் நக்கியது. மேலே வெள்ளி விசில் ஒலித்தது.

அப்போல்ஸ் ஓட்டினான். குலுங்கல் ரோட்டில் வண்டி நாற்பதைத் தொடுவதற்குள் இரண்டு ஆணியும் அறுந்தன. கூடாரம் டாக்டரோடும் ஆய்வாளரோடும் கிளம்பி, காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, எழுபது அடி தள்ளி மணலில் விழுந்தது. பின்னால் ஓடிவந்த பெண்சிங்கம் அதை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றது. பாறை முனகியது. பாறை அசைந்தது. சிங்கம் ஒரே இழுப்பில் கித்தானைக் கிழித்து உள்ளே தலையை விட்டது.

அப்போல்ஸ் ஒற்றைக்கையால் வண்டியைத் திருப்பி நேரே சிங்கத்தின் மேல் விட்டான். மீத்தா சன்னலில் தொங்கிக்கொண்டு வேலிக் கம்பங்களை எடுத்து எறிந்தாள். ஃபிசரை இழுத்து வண்டியில் போட்டார்கள். வலது கை அவரோடு வரவில்லை. டாக்டரை அதற்குள் சிங்கம் கழுத்தில் கவ்வி மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. அவர் விசிலைக் கடைசிவரை வாயிலிருந்து விடவில்லை. விசில் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்து நின்றுபோனது. மீத்தா வாந்தி எடுத்தாள். தரையில் தூங்கிக்கொண்டிருந்த லுகாஸ் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து அப்பிங்டனில் பந்தல் போட்டு விழா நடந்தது. ஃபிசர் இப்போது இயக்குநர். இடது கையால் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எழுபது அடி பறந்து விழுந்தும் இந்தக் கூடாரத்துல ஒரு கம்பி வளையல. துணி கிழிஞ்சது சிங்கத்தால, தயாரிப்புல குறையில்ல. நம்ம டாக்டர் உயிரக் குடுத்து இது பாதுகாப்பானதுன்னு நிரூபிச்சிருக்காரு. பதினோரு வருஷத்துல வாரியம் குடுக்கிற முதல் சான்றிதழ் இது."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தைத்துக் கொடுத்த கூடாரத்தையும் சட்டம் போட்ட சான்றிதழையும் அப்போல்ஸ் வாங்கிக்கொண்டான். நிபந்தனைகள் பின்பக்கம் இருந்தன. இரவு முழுக்க ஏணியை இறக்கியே வைத்திருக்க வேண்டும். உள்ளே ஸ்பேனர் முதலிய ஆயுதங்கள் வைத்திருக்கக்கூடாது. அவன் போல்ட்டுகளை மட்டும் திருப்பித் தந்துவிட்டார்கள்.

அந்தச் சிங்கத்துக்கு இப்போது கூடாரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துபோயிற்றே, அதற்கு என்ன செய்வது என்று அப்போல்ஸ் கேட்டான். ஃபிசர் யோசித்தார்.

"சிங்கத்தோட பழக்கவழக்கம் நம்ம வாரியத்துல வராதே. அதுக்கு வேற இலாகா."

அன்று மாலையே வேலிக்குப் போனார்கள். அப்போல்ஸுக்குப் பயமாக இருந்தது. எந்தக் கூடாரத்துக்காக விலாவையும் தோளையும் கொடுத்தானோ அதைப் பார்த்தே பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. இன்றைக்கு முன்சீட்டிலேயே உட்கார்ந்து தூங்கிக்கொள்ளலாம் என்று மீத்தாவிடம் சொன்னான். சீட்டு நிறையக் கம்பிச்சுருள் கிடந்தது, கொஞ்ச நேரத்தில் எடுத்துவைக்கிறேன் என்றாள் அவள். ஆறாத தோளோடு அவ்வளவு தூரம் ஓட்டி வந்தது அவனுக்குத் தாங்கவில்லை. ஒரு நிமிஷம் முதுகை நீட்டிக்கொள்கிறேன் என்று ஏறினான். அவளும் அவன் தோளைப் பிடித்துவிட ஏறினாள். சான்றிதழ் தலைமாட்டில் மாட்டியிருந்தது. கீழே லுகாஸ் ஏற்கனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சூரியன் விழுந்துவிட்டது, வெளிச்சம் இன்னும் போகவில்லை. கொசுவலை வழியாக முதலில் பார்த்தவள் மீத்தாதான். அவள் கை அவன் தோளில் அப்படியே நின்றது. காதுமடல் கிழிந்த அந்தச் சிங்கம் மணல்மேட்டிலிருந்து அவசரமில்லாமல் இறங்கி வந்தது. கைகால் பரப்பித் தரையில் கிடந்த லுகாஸை முகர்ந்துகூடப் பார்க்காமல் தாண்டியது. நேராக வந்து, ஏணியின் முதல் படியில் முன்காலை வைத்தது.